விளக்கைப் போடும் வேலை

மாணாக்கர் என்ற சொல்லையும் சினிமா என்ற சொல்லையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். "படிக்கிற பிள்ளைக்குப் படம் எதற்கு?" என்னும் கேள்வி பாட்டனார் காலத்திலிருந்து வழிவழியாக வரும் குடும்பச் சொத்து. பள்ளிக்கூட உபாத்தியாயர் என்ற முறையில் நாமும் அந்தச் சொத்தில் ஒரு பங்கை அநுபவித்து வருகிறோம். ஆகையால், சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முன்பு நம்மிடம் படித்த ஐந்து பேர் வீட்டுக்கு வந்து, "ஸார்! எங்கள் கலாசாலையில் சினிமாத் திருவிழா நடத்துகிறோம். தாங்கள் அவசியம் ஒத்தாசை செய்ய வேண்டும்" என்று சொன்னபோது, கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டோம்.

நம் முகம் போன போக்கைப் பார்த்து அவர்களில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். "பயப்படாதீர்கள், ஸார். எல்லாம் காற்றையும் நீரையும் காட்டையும் கடலையும் பற்றிய படங்கள்" என்றாள்.

அவர்கள் படிப்பது பொன்னேரிக்கு அப்பால், கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் உள்ள ஒரு கலாசாலை. விழா இரண்டு நாள். முதல் நாள் கலாசாலை மண்டபத்தில். இரண்டாம் நாள் மாலை பக்கத்துக் கிராமத்தில் தெருவிலே திரை கட்டி. படம் எடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதி அனுமதி பெறுவது, திரையின் அடியில் ஓடுவதற்குத் தமிழ் வரிகள் எழுதுவது, நாற்காலி சுமப்பது, ஒலிபெருக்கிக்கு ஆள் பிடிப்பது, மண் பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பது ஆகிய சகல காரியங்களும் மாணாக்கர் பொறுப்பு. நமக்கு இரண்டு வேலைகள் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று, எந்தப் படங்களைக் காட்டலாம் என்று யோசனை சொல்வது. மற்றொன்று, தமிழ் வரிகளில் பிழை திருத்துவது. இரண்டாவது வேலையை நாம் ஒருவாறு சரியாகச் செய்தோம். முதல் வேலையில் நாம் நடந்துகொண்ட விதத்தைப் பின்னால் சொல்லி வெட்கப்படப் போகிறோம்.

இப்படிப்பட்ட விழாக்கள் உலகத்துக்குப் புதியவை அல்ல. செக்கோஸ்லோவாகியா நாட்டில் 1974-ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு விழா தோன்றிவிட்டது. அமெரிக்கத் தலைநகரமான வாஷிங்டனில் 1993-இல் ஆரம்பித்தார்கள். நம் தேசத்தில் 2002-இல் டில்லியில் 'வாதாவரண்' என்ற விழா தோன்றிப் பிறகு பல நகரங்களுக்கும் யாத்திரை போயிற்று. 2020-இல், தொற்று நோயினால் ஊரெல்லாம் கதவடைத்திருந்த சமயத்தில், மற்றொரு விழா இணைய வழியிலேயே பிறந்து, பின்னர் ஆங்காங்கே கலாசாலைகளிலும் வீடுகளிலும் ஜனங்கள் கூடிப் பார்க்கும்படி வளர்ந்தது.

சட்டமும் இந்த விஷயத்தில் மாணாக்கரின் கட்சியில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. எம். ஸி. மேத்தா என்ற வக்கீல் தொடுத்த வழக்கில் 1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஓர் உத்தரவு பிறப்பித்தார்கள். சினிமாக் கொட்டகைகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழலைப் பற்றிய வாசகங்களைக் கட்டணம் இல்லாமல் திரையில் காட்ட வேண்டும் என்றும், பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் இதைப் பாடமாகப் போதிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. 2003-இல் மறுபடியும் அதை வற்புறுத்திய பிறகு, எந்தப் பட்டத்துக்குப் படிப்பவரும் சுற்றுச்சூழல் பாடத்தை ஆறு மாத காலமாவது படிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தை மாணாக்கர் எப்படிப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு படிக்கிறார்கள் என்று அவர்களே நம்மிடம் ஒப்புக்கொண்டார்கள். "பாடமாகப் படித்தால் மண்டையில் ஏறவில்லை, ஸார். அதனால்தான் படமாகப் பார்க்கலாம் என்று" என்பது அவர்கள் வாதம்.

படம் பார்ப்பதால் உலகம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்குக் குஜராத்தில் நடந்ததைச் சொல்லலாம். அந்தக் கடற்கரையில், மீன் இனத்திலேயே மிகப் பெரியதான திமிங்கலச் சுறாவை ஈரலெண்ணெய்க்காகவும் மாமிசத்துக்காகவும் கொன்று குவித்து வந்தார்கள். மைக் பாண்டே என்பவர் அந்தப் படுகொலையைப் படம் பிடித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 2001-இல், புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பைச் சர்க்கார் அந்தச் சுறாவுக்கும் வழங்கிவிட்டார்கள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சட்டம் வந்ததே தவிர, கடலில் வலை வீசுகிறவனிடம் யார் போய்ச் சொல்வது? 2004-இல் ராமாயணப் பிரசங்கியான மொராரி பாபு என்ற பெரியவரைக் கொண்டு செம்படவர்களிடம் பேசச் செய்தார்கள். 'இந்த மீன் பிள்ளைப் பேற்றுக்காகத் தாய் வீடு தேடி வரும் மகள் அல்லவா? வீட்டுக்கு வந்த மகளைக் கொல்லலாமா?' என்னும் கருத்துப்பட அவர் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு வலையில் சிக்கிய சுறாவைச் செம்படவர்களே வலையை அறுத்து விடுவித்தார்கள். அறுந்த வலைக்குச் சர்க்கார் ஈடு கொடுத்தார்கள். படம் சட்டத்தைக் கொண்டு வந்தது. மனம் மாறியது பேச்சினால். வலைக்கு ஈடு கொடுத்ததனால் அந்த மாற்றம் நிலைத்தது. இந்த மூன்றையும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கும்மிடிப்பூண்டிக்குப் போனால் தேவைப்படும்.

தெருவில் திரை கட்டிப் படம் காட்டும் யோசனையும் நமக்குப் புதிதன்று. 1905-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்ஸெண்ட் என்பவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப் படம் காட்டப் புறப்பட்டார். வேலையை விட்டுவிட்டு இப்படிக் கிளம்பிய பிள்ளையைப் பற்றி அவர் வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். பிறகு ஏ. கே. செட்டியார், முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே உலகத்தைச் சுற்றி வந்து, காந்தி மகாத்மாவைப் பலரும் பல காலங்களில் எடுத்திருந்த படச் சுருள்களை ஏறக்குறைய 50,000 அடி சேகரித்து, 1940-இல் தமிழிலே அந்த மகானின் வாழ்க்கைப் படத்தை வெளியிட்டார். கதையும் காதலும் இல்லாத படத்தையும் தமிழர்கள் பார்ப்பார்கள் என்று நம்பிய முதல் வாலிபர்களில் அவர் ஒருவர். நம் ஐந்து பேரும் அந்த வம்சத்துப் பிள்ளைகள்தாம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, மறு வாரம் ரயில் ஏறினோம்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரத்து இடம் கிடைத்தால் அதுவே ஒரு படக்காட்சி. திருவொற்றியூர் கடந்ததும் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். மீஞ்சூரும் பொன்னேரியும் தாண்டினால் நெல் வயல்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வருகின்றன. கிழக்கே, கண்ணுக்கெட்டாத தூரத்தில், ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காட்டு ஏரி. சிலிகைக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உவர்நீர் ஏரி அது. டச்சுக்காரர்கள் 1613-இல் அதன் கரையில் கோட்டை கட்டினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். ஆனால், எந்தக் கிராமத்தார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு செம்படவர்களிடையே நிலைத்திருக்கிறது. பொதுச் சொத்தைச் சண்டையின்றி அநுபவிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கலாசாலையில் இருக்கிறது?

இந்தக் கரையோரம் பட்ட பாடும் கொஞ்சமன்று. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கடலில் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கரிய கூழைச் செம்படவர்களும், தொண்டர்களும், கலாசாலை மாணாக்கரும் வாளி வாளியாக மொண்டு எடுத்த காட்சியைத் தேசம் முழுவதும் பார்த்தது. 2023 டிஸம்பரில் 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியில் பரவியது. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடினார்கள்.

2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கப்பல்கள் மோதுவதற்குச் சில நாள் முன்புதான், இதே எண்ணூர்க் கழியில் நின்று டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்' என்னும் படம் வெளியாயிற்று. புறம்போக்கு என்ற சொல்லை நாம் வசவாக வழங்கி வருகிறோம். உண்மையில் அது வரிக் கணக்குக்குப் புறம்பாக விடப்பட்ட பொது நிலம்: ஏரி, குளம், மேய்ச்சல் தரை, சுடுகாடு. எல்லோருக்கும் சொந்தமானதை ஒருவருக்கும் சொந்தமில்லாததாகக் கருதத் தொடங்கியபோது சொல்லும் கெட்டது, நிலமும் கெட்டது. கர்நாடக சங்கீதத்தைக் கொண்டு போய்ச் சாம்பல் மேட்டில் நிறுத்தியதைச் சிலர் ஆட்சேபித்தார்கள். சங்கீதத்துக்கு அதனால் குறை ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

நிற்க. கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டை உள்ள ஊர் இது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் பல இங்கே இருக்கின்றன. பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் நம்மவர்களோடு கலந்து வேலை செய்கிறார்கள். நம் வீட்டு மாடிக்குப் போட்ட கம்பியும் இங்கே உருகியதாக இருக்கலாம். நாம் பள்ளியில் போதித்த பிள்ளைகளில் பலருடைய தகப்பனார்களுக்கு இங்கேதான் ஜீவனம்.

இப்போது வெட்கப்பட வேண்டிய இடம் வந்துவிட்டது. படங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது நாம் சொன்ன யோசனைகள் வருமாறு: தென் துருவத்துப் பறவைகள், இமயத்துப் பனிமலை உருகுவது, முதுமலை யானைக் குட்டிகள். யானைப் படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றதாயிற்றே. அதற்குக் கூட்டம் வரும் என்றோம். எல்லாம் நல்ல படங்கள்தாம். ஆனால் நாம் அவற்றைச் சொன்னதற்குக் காரணம், அவை தூரத்தில் நடப்பவை என்பதே. பனிமலை உருகினால் நம்மை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"ஸார், எங்கள் ஊர்ப் புகையைப் பற்றி நாங்களே பத்து நிமிஷப் படம் ஒன்று எடுத்திருக்கிறோம். அதைக் காட்டலாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவளுடைய தகப்பனார் ஓர் உருக்காலையில் உலைக்கு முன் நிற்பவர் என்பது நமக்குத் தெரியும். "அம்மா, உள்ளூர் விவகாரம். கலாசாலைக்குச் சங்கடம், உன் தகப்பனாருக்குச் சங்கடம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே" என்றோம்.

அவள் மறுத்துப் பேசவில்லை. "வகுப்பில் எங்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்தது அப்படி இல்லையே, ஸார்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் சாக்குக் கட்டியைப் பிடித்த கை நமக்கு அன்று சற்று நடுங்கியது. படத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

தமிழ் வரிகள் திருத்தும் வேலையில் நாம் கற்றுக்கொண்டதே அதிகம். இங்கிலீஷ் படம் ஒன்றில், நதி கடலோடு சேரும் இடத்துக்குப் பிள்ளைகள் அகராதியைப் பார்த்துக் 'கழிமுகம்' என்று எழுதியிருந்தார்கள். நாமும் பிரமாதம் என்று ஆமோதித்தோம். மீன் விற்க வந்த பழவேற்காட்டுக் கிழவி ஒருத்தியிடம் படித்துக் காட்டினார்கள். "அது எந்த ஊர்ப் பேச்சு, கண்ணு? நாங்கள் முகத்துவாரம் என்றுதான் சொல்லுவோம்" என்றாள் அவள். "சரி, ஆயா" என்று அவர்கள் அடித்துத் திருத்தினார்கள். யாருக்காகப் படம் காட்டுகிறோமோ அவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லே சரியான சொல் என்பது பி. ஏ. பட்டம் வாங்கிய நமக்கு அன்றுதான் விளங்கிற்று.

முதல் நாள் விழா விமரிசையாக நடந்தது. மாலை, மரியாதை, பிரசங்கம். பிரமுகர் ஒருவர் இயற்கை அன்னையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதில் இரண்டு படங்களைக் குறைக்க வேண்டி வந்தது. மண்டபத்தில் மாணாக்கர் கைதட்டினார்கள். யானைக் குட்டியைக் கண்டு உருகினார்கள். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. லாபமும் இல்லை என்று நமக்குத் தோன்றிற்று.

இரண்டாம் நாள் மாலை, கிராமத்துத் தெருவில் இரண்டு கழிகளுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். பெண்டு பிள்ளைகள் பாய் கொண்டுவந்து விரித்தார்கள். ஆலையில் வேலை முடிந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வந்து நின்றார்கள். பாதிப் படத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்கப் பணம் போதவில்லை என்று தெரிந்ததும், ஊர்க்காரர்களே நாலணா எட்டணா என்கிற மாதிரி வசூல் செய்து கொடுத்தார்கள். சொந்தப் பணம் போட்ட படத்தை யாரும் பாதியில் விட்டுப் போவதில்லை.

கடைசியாக அந்தப் பத்து நிமிஷப் படம். விடியற்காலையில் ஒரு தாய் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். கொடியில் காயும் பள்ளிக்கூடத்துச் சட்டையில் விரலால் ஒரு கோடு இழுக்கிறார்கள், விரல் கறுப்பு. சற்று நேரம் கழித்துக் கோலத்தைக் காட்டுகிறார்கள். வெள்ளை மாவின் மேல் பொடிப் பொடியாகக் கரி. பின்னணியில் பேச்சே இல்லை. பாயில் உட்கார்ந்திருந்த ஸ்திரீகள், "நம்ம வாசல்தானே!" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படம் முடிந்தது. நிகழ்ச்சி நிரலின்படி அடுத்தது வந்தனோபசாரம். பதினான்கு பேருக்கு நன்றி சொல்லக் காரியதரிசிப் பையன் காகிதத்தை எடுத்தான். அந்தப் பெண்ணுக்கு அன்று ஒப்படைத்திருந்த வேலை, படம் முடிந்ததும் விளக்கைப் போடுவது. போட்டாள். வெளிச்சத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். அவளுடைய தகப்பனார்.

"படம் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "அந்தப் புகையிலே நின்றுதான் இந்தப் பெண்ணுக்குக் கலாசாலைச் சம்பளம் கட்டுகிறேன். ஆலையை மூடச் சொல்கிறீர்கள். சரி, மூடிவிட்டால் நாளைக்கு யார் கட்டுவது? வாத்தியார் ஐயா கட்டுவாரா?"

கூட்டம் நம்மைத் திரும்பிப் பார்த்தது. நம்மிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் நாம் பனிமலைக்கு ஓடினோம் என்பது அப்போது தெளிவாயிற்று.

அவள் விளக்குப் பொத்தான் அருகிலிருந்தே பேசினாள். "நைனா, மூடச் சொல்லவில்லை. உலைக்கு மேலே கூண்டு வைத்துப் புகையை இழுத்து, துணிப் பைகள் வழியாக விட்டால் தூசி பையிலே நின்றுவிடும். புகையும் குறையும், வேலையும் இருக்கும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

அவர் சிரித்தார். கோபச் சிரிப்பன்று. "அதை நீ எனக்குச் சொல்கிறாயா? பை இருக்கிறதம்மா. பையை உதறிச் சுத்தம் செய்ய வேண்டும்; கிழிந்தால் மாற்ற வேண்டும். இழுக்கிற காற்றாடிக்கு மின்சாரச் செலவு உண்டு. பகலில் யாராவது பார்க்க வந்தால் அது ஓடும். ராத்திரி எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது புத்தகத்தில் இராது. எங்களுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு வந்தனோபசாரத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு தாயார், எந்தெந்த நாளில் கோலம் கறுக்கிறது என்று தனக்குத் தெரியும் என்றாள். பீஹார்க்காரர் ஒருவர் ஹிந்தியில் ஏதோ சொன்னார். ஒரு மாணவன் மொழிபெயர்த்தான்: "நீங்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். நாங்கள் ஆலை மதிலுக்கு உள்ளேயே தூங்குகிறோம்." இந்த ஊர்ப் புகையில் பெரும் பங்கு யாருக்கு என்று அதுவரை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மணி பத்தரை ஆகியும் பாய்கள் சுருட்டப்படவில்லை.

கடைசியில் அந்தத் தகப்பனார் நம் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, நான் சொன்னதை எழுதினால் என் பேரை மட்டும் எழுத வேண்டாம்" என்றார். எழுதவில்லை. ஆலையின் பேரையும் எழுதவில்லை. ஒரு மனிதனுடைய சோறு அதில் இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் வேறொன்று எழுதத் தொடங்கினார்கள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று; அதில் தேதி, புகை தொடங்கிய மணி, நின்ற மணி, காற்று அடித்த திசை, கோலத்தின் நிறம். பேர் ஒன்றும் கிடையாது. நுண்தூசியை அளக்கும் சிறு கருவி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில், நாள் ஒன்றின் சராசரியாக, 60 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்தூசி இருக்கக் கூடாது என்பது நம் சர்க்காரின் வரம்பு. 15-க்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பாமர ஜனங்களின் கோலக் கணக்கும் கருவியின் கணக்கும் ஒத்து வருகின்றனவா என்று பார்க்கிறார்கள். மூன்று மாதக் கணக்கு முழுதாகச் சேர்ந்த பிறகே மனு என்று தீர்மானம். நமக்கு அவசரம், அவர்களுக்குப் பொறுமை. உலகம் தலைகீழாகிவிட்டது!

இன்னொரு விஷயத்தையும் அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2006-ஆம் ஆண்டுச் சர்க்கார் அறிக்கையின்படி, பெரிய தொழிற்சாலைகள் பலவற்றை ஆரம்பிக்கும் முன்பும் விஸ்தரிக்கும் முன்பும், முப்பது நாள் முன்னதாக அறிவித்து, சுருக்க அறிக்கையை உள்ளூர்ப் பாஷையிலும் கொடுத்து, ஜனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும். கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமை வகிக்க வேண்டும். அந்தக் கூட்டம் முழுவதையும் படம் பிடித்து வைக்கவும் வேண்டும். "இதுவும் சுற்றுச்சூழல் படம்தானே, ஸார்! இதில் நடிக்க நம் ஊர் ஜனங்களைத் தயார் செய்யலாம் அல்லவா?" என்று கேட்டான் காரியதரிசிப் பையன். அவனுடைய வந்தனோபசாரக் காகிதம் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

குஜராத்துக் கதையில் மூன்றை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோம்: படம், பேச்சு, அறுந்த வலைக்கு ஈடு. நம் விழாக்களில் முதலாவது நிறைய உண்டு. இரண்டாவதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. மூன்றாவதை நினைப்பதே இல்லை. உலைக்கு முன் நிற்பவனுடைய வலை எது என்று கேட்காமல் அவனுக்குப் புகையின் தீமையைப் போதிப்பது, பசித்தவனுக்கு ஏகாதசி மகிமை சொல்வது போல ஆகும். அவனைக் கேட்டுவிட்டோமானால், நமக்குத் தெரியாத பாதியை அவனே சொல்லிவிடுவான்.

ஆகவே, பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இப்படி ஒரு விழாவுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்று சொன்னால் தடுக்காதீர்கள். நாற்காலி சுமக்கட்டும், பானையில் தண்ணீர் நிரப்பட்டும், தமிழ் வரி எழுதி யாராவது ஒரு கிழவியிடம் திருத்தம் வாங்கி வரட்டும். இரவு நேரம் கழித்து வீடு திரும்பும்போது, "எத்தனை படம் காட்டினீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "விளக்கைப் போட்ட பிறகு யார் பேசினார்கள்?" என்று கேளுங்கள். 'ஒருவரும் பேசவில்லை' என்று பதில் வந்தால், அடுத்த முறை திரையைச் சற்று நம் வீட்டு வாசலுக்கு அருகில் கட்டச் சொல்லுங்கள்.

நாம் எழுதிக்கொண்டிருக்கும் இந்த வாரம் நோட்டுப் புத்தகத்தில் பத்தொன்பதாவது பக்கம் நடக்கிறது. சில ராத்திரிகளுக்கு எதிரே, புகை நின்ற மணி என்னும் கட்டத்தில், பெண்ணின் கையெழுத்து அல்லாத வேறொரு கையெழுத்து காணப்படுகிறது. பழக்கமில்லாத கை, எழுத்துகள் பெரிது பெரிதாக, கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் இருக்கின்றன. யாருடையது என்று நாம் கேட்கவில்லை.